நாற்பத்தோராம் பக்கத்துப் பெண்

தம்பி,

நீ அனுப்பிய அறிக்கை வியாழக்கிழமைப் படகில் வந்து சேர்ந்தது. கலியாண அழைப்பிதழுக்கு எடுக்கிற தாளில் அடித்திருக்கிறீர்கள். அட்டையில் ஒரு பெண் கடலைப் பார்த்தபடி நிற்கிறாள். அவளுக்கு ஒரு தலையிடிகூட இல்லை என்பது நிற்கிற நிற்பிலேயே தெரிகிறது. உள்ளே உங்கள் குழுவின் படம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பதினொரு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். நோய்வாய்ப்பட்ட பெண்களின் கோப்புகளைப் புரட்டிவிட்டு வந்தவர்கள் இவ்வளவு சந்தோஷமாக நிற்கலாம் என்று எனக்கு இதுவரை தெரியாது. இருந்தாலும் நானும் வெட்கமில்லாமல் அதைத் துறையில் நின்ற இரண்டு பேருக்கு விரித்துக் காட்டினேன். "என்ர மகன் செய்தது. மார்புப் புற்றுநோய் வந்த பொம்பிளையளுக்கு என்னென்ன வைத்தியம் நடந்தது, ஆர் முடிச்சவை, ஆர் இடையில விட்டவை எண்டு கிளினிக் பதிவுகளை வைச்சே கண்டுபிடிச்சிருக்கிறான்" என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்த பிறகுதான், எதைக் காட்டிப் பெருமையடித்தேன் என்பது விளங்கியது.

முதற்பக்கத்தில் 'என் அம்மாவின் நினைவுக்கு' என்று போட்டிருக்கிறாய். அதற்குப் பிறகு நாற்பது பக்கத்துக்கு வட்டங்களும் கோடுகளும். என் மரமண்டைக்கு ஏறியவரையில் அதன் சாரம் இதுதான். பல வருடத்துக் கிளினிக் பதிவுகளைக் கணினியில் ஏற்றினீர்கள். மருந்தை இடையில் நிறுத்திய பெண்களைப் பிரித்தெடுத்தீர்கள். தூரம்தான் காரணமோ என்று அவர்களுடைய விலாசங்களை வைத்து அளந்து பார்த்தீர்கள். கிளினிக்குக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் அதே மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே தூரத்தில் குற்றமில்லை, குற்றம் பெண்களின் மனப்பாங்கில். ஆகவே அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும். மெல்பேணில் இருந்து நீ புறப்பட்டு வந்து, மூன்று வருடம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தது, எங்கள் பெண்களுக்குப் புத்தி போதாது என்பதை. இதை இங்கே எந்தச் சந்தியில் நிற்கிற குடிகாரனும் உனக்கு இலவசமாகச் சொல்லியிருப்பான்.

பிறகு நாற்பத்தோராம் பக்கம். ஒரு மஞ்சள் கட்டத்துக்குள், உதாரணத்துக்கு என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். பெயர் இல்லை. ஐம்பத்துமூன்று வயது. ஒரு பிள்ளையின் தாய். கிளினிக்கில் இருந்து நடந்து போகிற தூரத்தில் வசித்தவர். இடது மார்பு அகற்றப்பட்டது. எட்டுத் தடவை ஏற்ற வேண்டிய மருந்தை நான்கு தடவைதான் ஏற்றினார். அதிலும் இரண்டு தடவை குறித்த நாளுக்கு வராமல் ஒரு கிழமை பிந்தி வந்தார், கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. சத்திரசிகிச்சை செய்த பக்கம் என்பதால் இடது கையில் ஊசி போட முடியாது. வலது முழங்கை பழைய முறிவொன்றால் நிமிராதது. ஆகவே ஒவ்வொரு முறையும் புறங்கையில் நரம்பு தேடித்தான் மருந்து ஏற்றினார்கள். ஐந்தாவது தடவைக்கு அவர் வரவே இல்லை. கோப்பில் கடைசி வரி: 'தானாகவே சிகிச்சையைக் கைவிட்டார்.' அதன் கீழே சரிந்த எழுத்தில் உன்னுடைய திருவாக்கு: 'வாசலில் இருந்த வைத்தியத்தையே இவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.'

அந்த முழங்கையை உனக்குத் தெரியவில்லையா? உனக்கு நான்கு வயது. குறிகட்டுவான் துறையில் படகுக்கு இறங்கும்போது, பாசி பிடித்த கடைசிப் படியில் உன் அம்மாவுக்குக் கால் வழுக்கியது. நீ அவளுடைய இடுப்பில் இருந்தாய். இரண்டு கையாலும் உன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முழங்கையால் விழுந்தாள். உன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, காற்சட்டைதான் நனைந்தது. ஊர்ப் பரியாரியார் பச்சிலை வைத்துக் கட்டினார். கை ஒட்டியது, ஆனால் நிமிரவில்லை. அந்த மடங்கின கைக்குள் தலையை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் படுத்திருப்பாய். அலுமாரியின் மேல்தட்டில் இருந்து எதையாவது எடுக்க வேண்டும் என்றால், "அம்மாவுக்குக் கை எட்டாது" என்று நீதான் கதிரையை இழுத்துக்கொண்டு ஓடுவாய். அந்தக் கையை எழுத்தில் கண்டு, ஊசி ஏற்றிய இடம்வரை பிரதி பண்ணி, மஞ்சள் மையில் கட்டமும் போட்டுவிட்டு, யாரோ ஒரு சோம்பேறிப் பெண் என்று அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறாய். முதற்பக்கத்தில் பூச்சொரிந்த கையால்தான் இதையும் செய்திருக்கிறாய். உங்கள் பல்கலைக்கழகத்தில் எதற்குப் பட்டம் கொடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் வேண்டுமென்று பழி சுமத்துகிறேன் என்று நினைக்காதே. அம்மாவின் கிளினிக் கொப்பி என்னிடம் இருக்கிறது. செத்தவர்களின் மருந்துச் சாமான்களோடு கொப்பியையும் போட்டுக் கொளுத்துவதுதான் இங்கே வழக்கம். நான் பாயையும் தலையணையையும் கொளுத்தினேன், கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் இருக்கிற ஒவ்வொன்றையும் உன் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வயது, பக்கம், நான்கு தடவை, பிந்திய இரண்டு கிழமை, புறங்கை, எல்லாம் அதேதான்.

வெள்ளிக்கிழமை உனக்குத் தொலைபேசி எடுத்தது அதற்காகத்தான். நீ நல்ல குஷியாக இருந்தாய். "அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில காசு ஒதுக்கிற குழு கூடுது அப்பா. நீங்களும் வாங்கோ, முன்வரிசையில இருத்திறன்" என்றாய். என்ன குழு என்று கேட்டேன். தீவுப் பெண்கள் படகு ஓடுகிற நாளில் வந்து, தங்கியிருந்து, மருந்தை ஏற்றிக்கொண்டு போகக் கிளினிக்குக்குப் பக்கத்தில் ஒரு விடுதி வேண்டும் என்று யாரோ நல்ல மனிதர்கள் விண்ணப்பித்திருக்கிறார்களாம். "அதுக்குத் தேவையில்லை எண்டு எங்கட தரவு காட்டுது. அந்தக் காசை விழிப்புணர்வுக்குப் போடலாம்" என்றாய். நான் கேட்டேன்:

"நீ இந்தப் பொம்பிளையள் ஒராளையெண்டாலும் கேட்டனியோ, ஏன் நிப்பாட்டினீங்கள் எண்டு?"

"இது பதிவுகளை வைச்சுச் செய்யிற ஆய்வு அப்பா. ஆக்களைக் கேக்கிறேல்லை."

"ஆக்களைக் கேக்கிறேல்லையோ?"

"ஆக்கள் மறப்பினம், மாத்திச் சொல்லுவினம். பதிவு அப்பிடியே இருக்கும்."

சமிக்ஞை சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். என் பொய்களைப் பற்றித்தான் இனி எழுதப் போகிறேன், பொறுமையாகப் படி. ஆட்களைக் கேட்டுப் பழக்கமில்லாவிட்டாலும் அப்பன் எழுதினதைப் படிக்கலாம்.

பதிவு எப்படி உண்டாகிறது என்று எனக்கு நீ சொல்லித் தர வேண்டியதில்லை. இருபத்தாறு வருடம் நெடுந்தீவுத் துறையில் படகுப் பதிவுப் புத்தகம் எழுதினவன் நான். எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை பேர், ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை. ஓட்டுகிறவர் மருமகளின் சாமத்தியவீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போன நாளில் 'காற்று' என்று எழுதியிருக்கிறேன். எஞ்சினுக்கு எண்ணெய் வந்து சேராத நாளிலும் 'காற்று' என்றுதான் எழுதினேன், மேலிடத்தோடு யார் மல்லுக்கட்டுவது. நாளைக்கு உன்னைப்போல ஒருவன் வந்து என் புத்தகத்தைக் கணினியில் ஏற்றினால், நெடுந்தீவில் புயல் ஓய்ந்த நாளே கிடையாது என்று எழுதிப் பட்டம் வாங்குவான். ஓடியதா ஓடவில்லையா என்பதில் மட்டும் நான் ஒருநாளும் பொய் எழுதியதில்லை. காரணத்தில்தான் எழுதினேன்.

உன் அம்மாவின் விலாசமும் அப்படி நான் எழுதுவித்ததுதான். கிளினிக்கில் பதிவதற்கு முதல் நாள், படகில் வந்த எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். தீவு விலாசம் கொடுத்தால் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பட்டினத்து விலாசம் கொடுத்தால்தான் அங்கேயே வைத்துப் பார்ப்பார்கள் என்று. அது உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. யாரும் விசாரிக்கவில்லை. உன் மாமியின் யாழ்ப்பாணத்து வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். என் தங்கச்சி அப்போதே கனடாவுக்குப் போய்விட்டாள், அந்த வீட்டில் வாடகைக்காரர் இருந்தார்கள். எங்களுக்கு அங்கே தலைசாய்க்க ஒரு பாய் அளவு இடம் இல்லை. கடிதம் வந்தால் வாங்கி வைக்கிறோம் என்றார்கள், அவ்வளவுதான். நீ அளந்த அந்த நடந்து போகிற தூரம், மாமி வீட்டு வாசற்படலையில் இருந்து அளந்தது. உன் அம்மா வந்தது நெடுந்தீவில் இருந்து. படகில் ஒரு மணித்தியாலம், பிறகு குறிகட்டுவானில் இருந்து பஸ்ஸில் இன்னொரு மணித்தியாலத்துக்கு மேல். மருந்து ஏற்றிக்கொண்டு அதே நாளில் அதே வழியாகத் திரும்பி, வழி முழுக்கப் பைக்குள் சத்தி எடுத்தபடி.

இதெல்லாம் பழைய கதை என்று நீ தட்டிக் கழிக்காமல் இருக்க, நேற்று வசந்தியைப் போய்ப் பார்த்தேன். கிழக்கே மதிலுக்கு அப்பால் இருக்கிற வசந்திதான், பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். இரண்டு மாதமாக அவளுக்கும் அதே புற்றுநோய், அதே கிளினிக். தலைக்குத் துணி கட்டிக்கொண்டு முற்றத்தில் இருந்தாள்.

"பிள்ளை, கிளினிக்கில என்ன விலாசம் குடுத்தனீர்?"

"அக்காவின்ர. ஆனைக்கோட்டை."

"அக்கா அங்கயோ இருக்கிறா?"

"அவ வவுனியாவுக்குப் போய் அஞ்சு வருசம், மாமா. ஏன் கேக்கிறியள்?"

"பிறகேன் அதைக் குடுத்தனீர்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாத மனிதனா என்பது இருந்தது. "எல்லாரும் அப்பிடித்தானே குடுக்கினம்" என்றாள். போன மாதம் சோழகக் காற்று கிளம்பி இரண்டு நாள் படகு ஓடாததால் அவளுடைய தவணை ஒன்று பிந்தியிருக்கிறது. ஏன் பிந்தியது என்று கிளினிக்கில் கேட்டார்களாம். என்ன சொன்னீர் என்றேன். "என்னத்தைச் சொல்லிறது? பேசாமல் நிண்டனான்" என்றாள். உன் கணினிக்கு அவள் பட்டினத்தை ஒட்டின ஆனைக்கோட்டையில் இருந்துகொண்டு, சோம்பலில் பஞ்சிப்பட்டு வராத ஒருத்தி. அடுத்த அறிக்கைக்கு ஒரு மஞ்சள் கட்டம் ஆயத்தமாக இருக்கிறது. அவளுக்குத் தங்க ஒரு கட்டில் கிடைப்பதைத்தான் நீ அடுத்த மாதம் முன்வரிசையில் கைதட்டலோடு தடுக்கப் போகிறாய்.

உன் அம்மாவும் அப்படித்தான் பேசாமல் நின்றாள். இரண்டாம் தடவையும் நான்காம் தடவையும் படகு ஓடவில்லை. நான் இரண்டு நாளும் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன், அந்த இரண்டு முறையும் உண்மையான காற்று. ஒரு கிழமை கழித்துப் போனபோது தாதி கேட்டார். இந்தா கிடக்கிற வீட்டில் இருந்து வர உங்களுக்கு என்ன பஞ்சி என்று. நெடுந்தீவில் இருந்து வருகிறோம் என்று சொன்னால் விலாசப் பொய் பிடிபடும். ஆகவே காரணம் சொல்லவில்லை. நான்காம் தடவை தாதி என்னையே பிடித்தார். "ஐயா, நீங்கள் என்ன மனுசன்? ஆஸ்பத்திரிக்குப் பின்னால இருந்துகொண்டு மனுசியை ஒரு நாளைக்கு நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு வர ஏலாதோ?" காத்திருக்கிற வாங்கில் வரிசையாக இருந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, ஒருவன் சிரித்தான். அந்தத் தாதியில் ஒரு பிழையும் இல்லை. அவர் கொப்பியில் இருந்ததைத்தான் வாசித்தார். துறையில் நான் கையைக் காட்டினால்தான் படகு வெளிக்கிடும். அப்பேர்ப்பட்ட நான் அங்கே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினவன் மாதிரி நின்றேன். திரும்பும் படகில், பொலித்தீன் பையைப் பிடித்தபடி, இரண்டு சத்திக்கு நடுவில் உன் அம்மா சொன்னாள்: "அடுத்தமுறை உள்ளதைச் சொல்லுவமே? அதுகள் கொலை செய்யாதுகள்." நான், "வாயை மூடு" என்றேன். எனக்கும் அவளுக்கும் நடந்த வைத்திய ஆலோசனை அதுதான்.

ஐந்தாம் தடவைக்கு நான் லீவு போட்டிருந்தேன். விடிய எழும்பித் துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கடல் அசையாமல் கிடந்தது. அவள் நீலச் சேலை உடுத்து, கிளினிக் கொப்பியையும் துவாயையும் சத்திக்கு முகரப் பாதி வெட்டின தேசிக்காயையும் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசற்கதிரையில் ஆயத்தமாக இருந்தாள்.

"ஓடுதோ?" என்று கேட்டாள்.

"இல்லை. காத்து" என்றேன்.

படலையடிப் பூவரசில் ஒரு இலை அசையவில்லை. அவள் அந்த மரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் சேலையைக் களைந்து மடித்துக்கொண்டிருந்தபோது படகு ஊதியது. இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்டது. குசினிக்குள் போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள், அந்த மடங்கின கையால் கோப்பையை ஒரு பக்கம் சரித்துப் பிடிப்பாளே, அப்படி. அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் என்னிடம் படகு ஓடுகிறதா என்று கேட்கவில்லை. நானும் போவோம் என்று சொல்லவில்லை. உனக்கு அப்போது பரீட்சை. நீ தொலைபேசி எடுத்தபோது, "ஊசியெல்லாம் முடிஞ்சுது" என்று சொன்னேன். அவள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருடத்தில் போய்விட்டாள்.

அவள் படுகிற வேதனையைப் பார்க்க ஏலாமல்தான் அப்படிச் சொன்னேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அது அப்பட்டமான பொய். அந்தத் தாதிக்கு முன்னால் இன்னொரு தரம் போய் நிற்க எனக்கு வெட்கம், அதுதான் காரணம். ஒரு கேவலமான மனிதனின் கேவலமான வெட்கம். மீதி நான்கு தடவையும் ஏற்றியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. உன் அறிக்கையிலும் அதற்குப் பதில் தேடினேன், கிடைக்கவில்லை. ஆனால் கைவிட்டது அவள் இல்லை. அந்த வரியில் இருக்க வேண்டியவன் நான். நீயும் நானும் ஒரே வேலைதான் பார்த்திருக்கிறோம். நான் பொய்யை எழுதுவித்தேன், நீ அதை வழவழப்பான தாளில் அச்சடித்தாய். உன்னை இவ்வளவு ஏசுகிறேனே, இந்தக் கடிதத்தில் எனக்குக் கொடுத்திருக்கிற மரியாதையைவிட உனக்குக் கொடுத்தது கூடத்தான்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தோடு கிளினிக் கொப்பியும், படகு ஓடிய நாளும் ஓடாத நாளும் குறித்த என் சொந்தக் குறிப்பும் வருகின்றன. பதிவு என்றால்தானே உனக்கு வாயூறும், இந்தா பதிவு. கிளினிக்குக்கு வராத நாள்களையும் படகு ஓடாத நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பிறகு இங்கே வந்து, வீடு வீடாகப் போய், ஆட்களைக் கேள். வசந்தியில் இருந்து தொடங்கு. விடுதி வேண்டாம் என்ற பக்கத்தைக் கிழித்துப் போடு. நாற்பத்தோராம் பக்கத்தில் அவளுடைய விலாசம் நெடுந்தீவு என்று திருத்து. தானாகவே கைவிட்டார் என்ற வரியை வெட்டிவிட்டு இப்படி எழுது: 'அன்று படகு ஓடவில்லை என்று கணவன் சொன்னான். படகு ஓடியது.' சாட்சி வேண்டுமென்றால், அந்த நாளுக்கு நேரே 'ஓடியது' என்று அடுத்த நாள் கையெழுத்து வைத்தவன் நான்தான். உன்னால் அதைச் சபையில் வாசிக்க ஏலாவிட்டால், முன்வரிசையில் இருந்து எழும்பி நான் வாசிக்கிறேன். கேவலப்பட எனக்குப் பழக்கம் இல்லை, பழகிக்கொள்கிறேன்.

நீ குறித்த நாளுக்கு நான் முதற்படகில் வருவேன். சோழகம் இன்னும் ஓயவில்லை. அன்றைக்குப் படகு ஓடாமல் போய், உன் முன்வரிசையில் ஒரு கதிரை காலியாகக் கிடந்தால், அப்பா தானாகவே வரவில்லை என்று எழுதிவிடாதே. துறைக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேள்.

இப்படிக்கு,
நெடுந்தீவில் இருந்து, நெடுந்தீவு விலாசத்தோடு,
உன் அப்பா